எழுதாக் கல்வி

கல்வி என்றதும் ஏடும் எழுத்தாணியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஏட்டுக்கு வராத கல்வியும் ஒன்று உண்டு. அது கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, கையாற் பழகி வருவது. அதற்குப் பாடநூல் இல்லை, பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. அதனாலேயே அதனைக் கல்வியென்று ஒப்ப நம்மிற் பலருக்கு மனம் வருவதில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுத எடுத்துக்கொண்ட இக்கட்டுரை உண்மையில் அந்தக் கல்வியைப் பற்றியதேயாகும்.

பண்டிதனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று வினவும் அன்பரும் உளர். சம்பந்தம் பெயரிலேயே தொடங்குகின்றது. கார் என்பது நமக்குப் புதிய ஒலியன்று. கருமை கார்; கருமுகில் கார்; அது பொழியும் பருவம் கார்; நெல்லிலும் ஒரு வகை கார். கடல் கடந்து வந்து இறங்கிய வண்டி, நம் அகராதியிலே தனக்கு முன்னரே போட்டு வைத்த ஆசனத்தில் வந்து அமர்ந்தது போல அமர்ந்துகொண்டது. அக்காலத்து வண்டிகளிற் பல கரியனவாக இருந்தமையால் நிறமும் பொருந்திற்று. 1990 க்குப் பின்னர் அவை மண்ணெண்ணெய் குடித்துக் கக்கிய புகையைக் கண்டவர்க்கு முகில் என்னும் பொருளும் பொருந்திற்று. அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம்.

நம் தெருக்களிலே பழங்கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒஸ்ரின் ஏ-40. இங்கிலாந்தின் லோங்பிறிட்ஜ் என்னும் இடத்தில் இருந்த ஒஸ்ரின் தொழிற்சாலை இதனை 1947 இல் வெளியிட்டது. நாற்கதவு வண்டிக்கு டெவன், இருகதவு வண்டிக்கு டோர்செற், 1952 இல் வந்த அடுத்த வடிவுக்குச் சமர்செற் என அந்நாட்டுக் கோட்டங்களின் பெயர்களையே இட்டனர். முன்மூடியின் நுனியிலே சிறகு முளைத்த 'ஏ' எழுத்தொன்று பளபளக்கும். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து புகையிரதக் கைகாட்டி போலச் சிறு கையொன்று எழுந்து திசை காட்டும். சில வேளைகளில் எழுந்த கை இறங்க மறுக்கும். சாரதி தன் கையை வெளியே நீட்டி அதன் தலையில் ஒரு குட்டு வைத்து இறக்குவார். அந்தக் குட்டைக் கண்டு மகிழ்ந்த பிள்ளைகளுள் யானும் ஒருவன்.

அடுத்தது மொறிஸ் மைனர். 1948 இல் வந்த அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். மாதிரி வண்டி செய்து முடிந்த பின்னர் அதன் அகலம் அவர் கண்ணுக்கு ஒவ்வவில்லை. வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுப்பித்தார். பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் கூடியபோது கண் நிறைந்தது. அந்த அளவையே முடிவாக்கினார். முன்மூடியின் நடுவே நெடுக ஓடும் பட்டை, அந்த நாலங்குலம் விட்டுச் சென்ற தழும்பு. அளவுகோல் பேசுமுன்னர்க் கண் தீர்ப்புச் சொல்லிவிட்ட கதை இது. எழுதாக் கல்வி இங்கிலாந்திலும் உண்டு என்க.

பின்னர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் வந்தன. பிள்ளை ஒக்ஸ்போட்டுக்குப் போகாவிடினும் ஒக்ஸ்போட்டிலே போகின்றான் என்று பெற்றோர் ஆறியிருக்க அவை வழி செய்தன.

இவ்வண்டிகள் இங்கே வந்து குவிந்தமைக்கும் பின் நின்று நிலைத்தமைக்கும் காரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவிலே பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்வோர்க்கே உருக்கு என்ற வகையில் அந்நாட்டு அரசு பங்கீடு செய்தது. அந்நாட்டார் தம் காருக்குக் காத்திருக்க, கார்கள் கப்பலேறின. கொரியப் போர் மூண்ட 1950, 1951 ஆம் ஆண்டுகளில் இறப்பர் விலை ஏறி இலங்கையின் கையிலும் பணம் புரண்டது. டொக்டர், புரொக்டர், மலாயாவிலே உத்தியோகம் பார்த்து இளைப்பாறி வந்த பென்சன்காரர் முதலியோர் முற்றங்களில் ஒஸ்ரின் நின்றது. அறுபதுகளின் தொடக்கத்திலே காலம் மாறிற்று. அந்நியச் செலாவணி வற்றியது. இறக்குமதிக்கு அணை போடப்பட்டது. 1977 இற் பொருளாதாரக் கதவு திறக்கும் வரை புதுக்கார் அரும்பொருளாயிற்று. உள்ளதைப் பேணுதல் ஒன்றே வழி. அந்த வழியிலே தழைத்ததுதான் கராஜ்.

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் ஊர்ச் சந்தியிலும் ஒரு கராஜ் இருந்தது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் வைத்தியம். முன்னே வேப்பமர நிழலில் இரண்டு மூன்று கார்கள் துடைத்து மினுக்கப்பட்டு நிற்கும். அங்கே விற்பனைக்கு வந்த கார் எதுவாயினும் அது 'ஒரு டொக்டர் ஓடின கார்' ஆகவே இருக்கும். அத்தனை டொக்டர்மார் யாழ்ப்பாணத்தில் இருந்திருப்பின் ஆசுபத்திரி வாசலிலே சனம் காத்து நின்றிராது. வாங்குவோரும் அதனை அறிவர். விற்போரும் அவர் அறிந்ததை அறிவர். எனினும் அந்த வாக்கியம் சொல்லப்படாமல் விலை பேசப்படமாட்டாது. அது பாயிரம் போன்றது. பாயிரம் முடிந்தாலன்றி நூலுக்குட் புகுதல் மரபன்று.

விலை தீர்ந்ததும் நாள் பார்ப்பர். நல்ல நேரத்திலே நான்கு சில்லுக்கும் அடியில் எலுமிச்சங்காய் வைத்து, பிள்ளையார் வாசலிலே தேங்காய் உடைத்து வண்டியை எடுப்பர். அன்று முதல் அது ஒருவர் கார் அன்று, ஊர்க்கார். நள்ளிரவிலே பிரசவ வேதனை கண்டவளும், பாம்பு கடித்தவனும் அதிலேயே ஆசுபத்திரிக்குப் போயினர். கலியாண மாப்பிள்ளை அதிலே வந்தார். கோயில் திருவிழாவுக்கு நாதசுர வித்துவான் அதிலே வந்தார். வாகனத்தின் பயனை அதன் உடையவர் மாத்திரம் நுகராத காலம் அது.

பின்பக்கம் வேறோர் உலகம். அங்கே இருந்த பெரியவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நோயுற்ற கார் வந்தால் உடனே கருவியைத் தொடமாட்டார். வண்டியை முடுக்கச் சொல்லிச் சற்று நேரம் சும்மா நிற்பார். பின்பு நீண்ட திருப்புளியின் அலகை இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். இடம் மாற்றி மாற்றிக் கேட்பார். நாடி பார்க்கும் பரியாரிக்கும் அவர்க்கும் யாதொரு வேறுபாடும் தோன்றாது. 'எஞ்சின் இருமுது', 'எண்ணெய் குடிக்குது', 'மூச்சு அடைக்குது' என்று அவர் சொல்லும் நோய்க்குறிகளும் வைத்தியர் வாக்காகவே இருக்கும். பையன் ஒருவன் அருகே நின்று அவர் நீட்டும் கைக்கு உரிய சாவியைக் கொடுப்பான். எந்தச் சாவி என்று அவர் கேட்பதில்லை. அவன் அறிந்து கொடுப்பான். தவறிக் கொடுத்த அன்று வசை விழும். அதுவே அங்கு நடந்த பரீட்சை.

குருகுலம் என்று நாம் ஏட்டிலே படித்ததற்கு இதனின் நல்ல உதாரணம் யான் கண்டதில்லை.

இக்கல்வியின் மெய்யான சோதனை 1990 இல் வந்தது. அவ்வாண்டு யூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் என்பன தடையுற்ற பொருள்களாயின. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவோடு. கார்கள் அத்தோடு முடிந்தன என்றே பிறர் கருதியிருப்பர். முடியவில்லை. மண்ணெண்ணெயில் ஓடின.

இதனை ஏதோ ஒரு தந்திரம் என்று எண்ணுதல் பிழை. இதன் உள்ளே ஒரு சாஸ்திரம் உண்டு. பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி ஆவியாகாது. ஆதலால் சிறு மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலிற் சில துளியைக் காபுரேற்றரிற் சிந்தி இயந்திரத்தை எழுப்புவர். சூடேறியதன் பின்னரே மண்ணெண்ணெய்க்கு வழி விடுவர். இடையிலே நின்றால் இயந்திரம் ஆறிவிடும். மறுபடியும் பெற்றோல் வேண்டும். ஆகையாற் போகுமிடத்தில் அலுவல் முடியும் வரை வண்டி உறுமிக்கொண்டே நிற்கும்.

எல்லாக் காரும் இதற்கு இசைவனவல்ல. மண்ணெண்ணெய் மிகுந்த நெருக்கத்தைத் தாங்காது. உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து இயந்திரத்தை உள்ளிருந்து தட்டும். பழைய ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்கள் உள்ளிழுத்த கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக மட்டுமே நெருக்கின. பின்வந்த வண்டிகள் ஒன்பதில் ஒரு பங்காகவும் அதனிற் குறைவாகவும் நெருக்கின. எனவே முதியவை ஓட, இளையவை இடர்ப்பட்டன. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழே கசிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். கவனியாது விட்டால் இயந்திரம் தேய்ந்து போகும். இதனை அறிந்து, மசகெண்ணெயை விரலிடையே உருட்டிப் பார்த்தே அதன் வலுவை மதித்தனர் நம் மெக்கானிக்மார். பழைய ரயரை அறுத்து இன்னொரு ரயரின் உள்ளே வைத்து அதன் ஆயுளை நீட்டினர். தடித்த மட்டையை வெட்டி இயந்திரப் பொருத்துகளுக்கு இடைத்தகடாக்கினர்.

1949 அளவில் இங்கிலாந்திலே பேர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகையை இவ்வாறே செய்தனர். அதுவும் பெற்றோலில் எழுந்து, சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிந்த எண்ணெயில் ஓடும். அங்கே பொறியியலாளர் பலர் கூடித் தொழிற்சாலையிலே கண்ட முடிவை, இங்கே மரத்தடியில் இருந்தவர்கள் நூலொன்றையும் விரிக்காமலே கண்டனர். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவிலே, சனக்கடலின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பழங்கார்கள் ஊர்ந்ததைக் கண்டேன். உள்ளே எழுந்து நடக்க இயலாத முதியோர் கிடந்தனர். நின்றுபோன வண்டிகளை முன்பின் அறியாதவர்கள் தள்ளினர். அந்த எழுதாக் கல்வி எத்தனை உயிரைச் சுமந்தது என்பதற்குக் கணக்கு ஏது?

இனிச் சொல்லைப் பற்றி ஒரு சொல். காரை மகிழுந்து என்றும் சிற்றுந்து என்றும் பெயர்த்துத் தருகின்றோம். நன்று. ஆனால் கராஜிலே வழங்கும் சொற்களை எவரேனும் தொகுத்தோமா? வடசொல் தமிழுக்கு வரும்போது தன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தை ஏற்று வரல் வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார். அவ்விதியைப் படியாமலே அந்த மெக்கானிக்மார் அதற்கு இணங்கினர். ஆங்கிலச் சொற்களை நம் நாவுக்கு இசைய வடித்தனர். வடிக்க வேண்டாதவற்றுக்குச் சில்லு, திறப்பு, மூடி என்று உள்ள சொல்லையே வைத்துக்கொண்டனர். நோய்க்குறிகளுக்கு உடம்பின் சொல்லை எடுத்தாண்டனர். சொல்லாக்கம் செய்யும் அறிஞர் சபைகள் அந்த வேப்பமர நிழலிலும் ஒருநாள் கூடியிருக்கலாம்.

காரின் இலக்கத்தகடுங்கூட வாசிக்கத்தக்கதே. மிகப் பழைய வண்டிகளில் ஆங்கில எழுத்து. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வந்தவற்றிலே சிங்கள ஸ்ரீ. அந்த ஓரெழுத்தின் பொருட்டு 1958 இல் இந்நாடு எவ்வாறு கொந்தளித்தது என்பதை மாணவர்க்குச் சொல்ல ஒரு பாடவேளை போதாது. கல்வெட்டைத் தேடிக் காடு செல்வோர், முற்றத்தில் துருவேறி நிற்கும் இந்தத் தகரவெட்டையும் ஒருகால் நோக்குதல் தகும்.

மறுப்புரைப்போர் இருவகையினர். வெள்ளைக்காரன் விற்ற வண்டிக்கு இத்தனை உருக்கம் ஏன் என்பர் ஒரு சாரார். வண்டி அவன் செய்தது, ஐயமில்லை. ஆனால் 1947 இற் செய்த வண்டியை 1995 இல் மண்ணெண்ணெயில் ஓட்டிய அறிவு நம்முடையது. யான் பேணச் சொல்வது அவ்வறிவை. வறுமைக் காலத்தைப் புகழ்ந்து பாடுகின்றீர் என்பர் மற்றொரு சாரார். இது கனத்த மறுப்பு. அந்தக் காலம் மீண்டும் வருதல் வேண்டாம், எவர்க்கும் வேண்டாம். மருந்தின்றி இறந்தோரை மறந்துவிட்டுப் புகைவண்டியின் சாதுரியத்தை மெச்சுதல் அறமாகாது. அந்தப் புகையும் உடம்புக்கு உகந்ததன்று. எனினும் நோய் தீர்ந்தபின் மருந்தின் செய்முறையை எழுதி வைப்பது நோயை வாழ்த்துவதாகுமா?

மேலும் அத்தகைய நெருக்கடி மீளாது என்று உறுதி கூறுவார் யார்? 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அக்கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. 2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. வடக்கு முப்பது ஆண்டுகளின் முன்னர் கற்ற பாடத்தின் முதல் எழுத்தை அன்று நாடு முழுதும் எழுதிப் பார்த்தது. உள்ளதைப் பழுது பார்த்துப் பேணும் கல்வி என்றைக்கும் பழையதாகாது.

அக்கல்வியோ இன்று கண்முன்னே கழிகின்றது. 2002 இல் ஏ-9 பாதை திறந்தது முதல், பழங்கார் தேடுவோர் தெற்கிலிருந்து வரலாயினர். முற்றத்திற் கிடந்த ஒஸ்ரினுக்கு விலை பிறந்தது. விற்றவரை நோக இயலாது. கூரை வேய்வதற்கும் குமர் கரையேறுவதற்கும் அப்பணம் உதவிற்று. எஞ்சியவை பூமாலை சூடிக் கலியாண ஊர்வலத்துக்குப் போகின்றன. அதுவும் நன்றே. ஆனால் கார் போனாலும் வேறோர் ஊரிலாவது இருக்கும். அதனைக் கையாண்டவர் போனால் அவர் அறிவு எவ்வூரிலும் இராது. திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கண்மூடுகின்றனர். மூடிய கடைகளிலே அரிசி ஆலையோ கைத்தொலைபேசிக் கடையோ தோன்றிவிட்டது. 1981 இல் நூல்நிலையம் எரிந்ததற்கு இன்றும் கண்ணீர் விடுகின்றோம். அது பிறர் செய்த அழிவு. ஓசையின்றி நிகழும் இவ்வழிவுக்கு நம்மையன்றி யாரைச் சாட்டுவது?

செய்யத்தக்கன மூன்று. அவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டாம்.

முதலாவது பள்ளிக்கூடத்தின் பணி. உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு 2013 முதல் நடைபெறுகின்றது. அம்மாணவர் ஒருவரும் தமிழ்ப்பாட மாணவர் ஒருவருமாக இருவரை ஒரு முதிய மெக்கானிக்கிடம் அனுப்புக. முன்னவர் செய்முறையைக் கேட்டு எழுதுக. பின்னவர் சொற்களைக் கேட்டு எழுதுக. ஒரு விடுமுறையிற் பத்துப் பாடசாலைகள் இதனைச் செய்தால் ஒரு நூல் கிடைக்கும்.

இரண்டாவது பல்கலைக்கழகத்தின் பணி. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. அங்கே ஓர் ஒஸ்ரின் ஏ-40 ஐயும், ஒரு மொறிஸ் மைனரையும், கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே சனமும் சந்தைச் சாமானும் சுமந்த தட்டிவான் ஒன்றையும் வைத்தல் வேண்டும். கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுதல் கூடாது. ஓடும் நிலையில் வைத்தல் வேண்டும். மண்ணெண்ணெயில் எழுப்பிக் காட்டும் முதியவர் ஒருவரை விரிவுரையாளராக ஒருநாளாவது அங்கே நிறுத்துதல் வேண்டும்.

மூன்றாவது நம் எல்லோர்க்கும் உரியது. மை படிந்த விரலுக்குத் தரும் மரியாதையை எண்ணெய் படிந்த விரலுக்கும் தரப் பழகுதல். படிப்பு ஏறாத பிள்ளையைக் கராஜுக்கு அனுப்புவோம் என்று நாம் சொல்லி வந்த வாக்கியம் இரண்டு கல்விக்கும் இழுக்கு. கராஜிலும் படிப்பு ஏறினாலன்றிச் சில்லு உருளாது. அதனை அறியாத ஊர், தன்னைச் சுமந்து சென்ற வண்டியை நடுத்தெருவிலே கைவிட்ட ஊராகும்.